சீன மரபுத்தொடரின் பொருளையும் வேரையும் தேடுவது எப்படி? ‘வானம் உயரம், பேரரசர் தொலைவு’ தொடரை வைத்து ஒரு வழிகாட்டி

சீனத்திலிருந்து எதையாவது தமிழாக்க உட்கார்ந்தால் இந்த வேலை எப்படியும் வந்து நிற்கும். உரையாடலில் ஒரு மரபுத்தொடர் வரும். அதற்கு என்ன பொருள், எங்கிருந்து வந்தது என்று இரண்டு வரியில் அடிக்குறிப்பு எழுதியாக வேண்டும். என்னிடம் வந்து சேர்ந்தது ‘தியென் காவ், ஹுவாங்தி யுவான்’. வானம் உயரத்தில் இருக்கிறது, பேரரசர் தொலைவில் இருக்கிறார் என்பது நேர்ப்பொருள். தலைநகரின் கை எட்டாத ஊர்களைப் பற்றிச் சீனர்கள் இன்றும் சாதாரணமாகச் சொல்லும் பேச்சு இது. ஆனால் இதன் பிறப்பைப் பற்றி இணையத்தில் தேடினால் ஆளுக்கொரு கதை. எதை நம்புவது, எதை எந்த வரிசையில் சோதிப்பது என்று சொல்லித்தர ஆள் இல்லாமல் நிறைய அலைந்தேன். நீங்கள் அலைய வேண்டாம் என்பதற்காக அந்த வரிசையை இங்கே எழுதுகிறேன்.

பின்யினில், அதாவது சீன ஒலியை ரோமன் எழுத்தில் எழுதும் முறையில், தட்டச்சு செய்யவும், இரண்டு எழுத்துகளை ஒப்பிட்டு ஒன்றா வேறா என்று சொல்லவும் தெரிந்தால் போதும். செவ்வியல் சீனம் படித்திருக்க வேண்டியதில்லை. அது தெரிந்த ஒருவரிடம் கடைசியில் ஒரு தடவை காட்டிக்கொண்டால் நல்லது, அவ்வளவுதான்.

1. தொடங்கும் முன்: என்ன வேண்டும், எவ்வளவு ஆகும்

பணச் செலவு ஏறத்தாழ இல்லை. முதலில் இதைச் சொல்லக் காரணம், புதிதாக வருபவர்கள் பலர் அகராதிச் செயலிகளில் உள்ள கட்டணத் தொகுப்புகளை எல்லாம் வாங்கிவிட்டுத்தான் தேடலையே தொடங்குகிறார்கள். தேவையே இல்லை.

இவை போதும்:

கைப்பேசியில் பிளெகோ செயலி. அடிப்படைப் பதிப்பு இலவசம். சீன–ஆங்கில அகராதி அதிலேயே வருகிறது. கூடுதல் அகராதிகளுக்குத்தான் காசு. இந்த வேலைக்கு முதலில் அவை வேண்டாம்.

தைவான் கல்வி அமைச்சின் இணைய அகராதிகள். இவையும் இலவசம். இதில் இரண்டைத் தெரிந்துகொள்ளுங்கள்: மரபுத்தொடர்களுக்கென்று உள்ள தனி அகராதி ஒன்று, திருத்திய பெரிய பொது அகராதி இன்னொன்று. இரண்டும் வேறு வேறு. எதற்கு எது என்று நான்காம் படியில் வருகிறது.

சீன நூல் திட்டம் என்னும் மின்னூலகம், அதோடு சீன விக்கிமூலம். பழைய நூல்களின் முழுப் பாடத்திலும் சொல்லைக் கொடுத்துத் தேடலாம். கட்டணம் இல்லை. நீங்கள் சீனப் பெருநிலத்தில் இருந்தால் விக்கிமூலம் திறக்காது. அதன் உடன்பிறப்பான விக்கிப்பீடியாவும் 2019இலிருந்து எல்லா மொழிகளிலும் அங்கே தடுக்கப்பட்டிருக்கிறது. கிளம்பும் முன்பே தேவையான பக்கங்களைச் சேமித்துக்கொள்ளுங்கள்.

அச்சு நூல் ஒன்றைப் பார்க்க நேர்ந்தால் அது ‘ஹான்யூ தா சிதியன்’ பேரகராதி. 1986 முதல் 1994 வரை 12 தொகுதிகளாக வந்தது. 3.7 லட்சம் சொற்களுக்கு மேல். ஒவ்வொரு பொருளுக்கும் பழைய நூல்களிலிருந்து மேற்கோள் கொடுப்பதுதான் இதன் சிறப்பு. சொந்தமாக வாங்கும் நூல் அல்ல இது, நூலகத்தில் பார்க்கும் நூல். சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு லீ கொங் சியான் நோக்கு நூலகத்தில் சீன நூல்களுக்கென்றே பகுதி உண்டு, உள்ளே போகக் கட்டணம் இல்லை. இந்தியாவில் சாந்திநிகேதனில் 1937இல் தொடங்கிய சீன பவனத்தின் நூற்சேகரம் பெயர்பெற்றது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் கவலைப்பட வேண்டாம், முக்கால்வாசித் தொடர்களுக்கு இணையமே போதும்.

நேரம்: இன்றைய பொருளை உறுதிசெய்ய ஒரு மாலை. வேரைத் தேடிச் சரிபார்க்க ஒரு வார இறுதி. அடிக்குறிப்பை ‘நாளைக்குக் கொடுத்துவிடுகிறேன்’ என்று யாரிடமும் ஒப்புக்கொள்ளாதீர்கள். பொருள் உடனே கிடைக்கும், பிறப்புதான் இழுக்கும்.

2. தொடரை எழுத்துகளில் பிடித்துக்கொள்ளுங்கள்

காதில் விழுந்ததைத் தமிழ் எழுத்தில் குறித்துவைத்துக்கொண்டு தேடக் கூடாது. தமிழர்களாகிய நமக்கு இது மிகப் பெரிய பொறி. ‘தியென்’ என்ற வானத்தின் முதல் ஒலி மூச்சோடு வருவது, ‘ஹுவாங்தி’யில் உள்ள ‘தி’ மூச்சில்லாதது. தமிழில் இரண்டையும் ஒரே தகரத்தில்தான் எழுத முடியும். ‘யுவான்’ இன்னும் மோசம். தொலைவு என்ற பொருளில் அது மூன்றாம் தொனி (தொனி என்பது பொருளையே மாற்றும் குரலின் ஏற்ற இறக்கம்). மங்கோலியர் ஆண்ட யுவான் அரசமரபும், கையில் வைத்திருக்கும் யுவான் பணமும் இரண்டாம் தொனி. விருப்பம் என்ற பொருளிலும் ஒரு யுவான் உண்டு, அது நான்காம் தொனி. தமிழ்க் குறிப்பேட்டில் எல்லாமே ‘யுவான்’ என்றுதான் நிற்கும்.

அதனால் பின்யின் விசைப்பலகையில் ஐந்து அசைகளையும் இடைவெளி விடாமல் ஒரே மூச்சில் தட்டுங்கள். பேச்சு வழக்கில் உள்ள தொடர் என்றால் பரிந்துரைப் பட்டியலில் முழுசாக வந்துவிடும். தனித்தனி எழுத்தாகத் தேர்ந்தெடுத்தால்தான் தப்பான எழுத்து நுழையும். தொனிகளையும் குறித்துக்கொள்ளுங்கள்: முதல், முதல், இரண்டு, நான்கு, மூன்று.

அடுத்து, தொடரை இரண்டு வடிவத்திலும் சேமியுங்கள். பெருநிலச் சீனாவும் சிங்கப்பூரும் மலேசியாவும் எளிய வடிவ எழுத்தில் எழுதுகின்றன. தைவானும் ஹாங்காங்கும் மரபு வடிவத்தில். பழைய நூல்களின் மின்பதிப்புகள் பெரும்பாலும் மரபு வடிவம். நம் தொடரில் முதல் நான்கு எழுத்தும் இரண்டிலும் ஒன்றேதான். கடைசி எழுத்தான ‘யுவான்’ மட்டும் மாறும். அந்த ஓர் எழுத்தை மாற்றாமல் தேடினால் சில தளங்களில் ‘முடிவு எதுவும் இல்லை’ என்று வரும். உடனே ‘பழைய நூல்களில் இந்தத் தொடர் கிடையாது’ என்று எழுதிவிடத் தோன்றும். எழுதாதீர்கள்.

3. வேரைத் தேடும் முன் இன்றைய பொருளை முடித்துவிடுங்கள்

பொருளும் பிறப்பும் இரண்டு தனி வேலைகள். கதை சுவையாக இருப்பதால் எல்லோரும் பிறப்பிலிருந்து தொடங்குகிறார்கள். அப்புறம் அந்தக் கதையிலிருந்து பொருளை இழுக்கிறார்கள். வரிசை தலைகீழாகிவிடுகிறது.

இன்றைய பொருளைப் பார்க்க, நடப்புச் சீன அகராதி ஒன்று, பத்து இருபது வாக்கியங்கள், இரண்டும் போதும். செய்தித்தாள் பக்கங்களிலும் பேச்சுகளிலும் தொடர் வரும் இடங்களை எடுத்து வரிசையாக வையுங்கள். இந்தத் தொடருக்கு இரண்டு குரல்கள் இருப்பது தெரியும்.

முதலாவது முறையீடு. மத்தியில் சட்டம் ஒன்று போடுகிறார்கள், மாவட்டத்தில் இருப்பவர் தன் இஷ்டத்துக்கு நடந்துகொள்கிறார், மேலே போய்ச் சொல்ல வழியில்லை. அப்போது ஊர்க்காரர் பெருமூச்சோடு சொல்வது. இரண்டாவது நிம்மதி. தலைமை அலுவலகத்திலிருந்து தொலைவான கிளைக்கு மாற்றலாகிப் போனவர், பெற்றோரை விட்டு விடுதிக்கு வந்த மாணவர், இவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வது: இங்கே நம்மைக் கேட்க யாரும் இல்லை. ஒரே ஐந்து எழுத்து, சொல்பவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்துக் கசப்பாகவும் இருக்கும், இனிப்பாகவும் இருக்கும். உங்கள் மூலத்தில் எந்தக் குரல் என்று தீர்மானிக்காமல் அடிக்குறிப்பைத் தொடாதீர்கள்.

இங்கே இரண்டு பொறிகள்.

ஒன்று, இது வெறுமனே ‘ஒதுக்குப்புறமான ஊர்’ என்று சொல்லும் தொடர் அல்ல. ஏழ்மையும் ஒதுக்கமும் மட்டும் சொல்ல வேண்டுமென்றால் சீனத்தில் ‘சியொங் ஷியாங் பி ராங்’ இருக்கிறது. நம் தொடரில் தூரம் என்பது அதிகாரத்திலிருந்து உள்ள தூரம். ரயிலும் விமானமும் போகும் பெருநகரத்தைப் பற்றிக்கூட இதைச் சொல்லலாம்.

இன்னொன்று, தமிழ்ப் பழமொழியை எடுத்து வைக்கும் ஆசை. ‘சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார்’ என்பது உடனே நாக்கில் வரும். பூசாரியின் தடை என்ற அளவில் பொருத்தம்தான். ஆனால் அதில் சாமி வரம் கொடுத்துவிட்டார். சீனத் தொடரில் பேரரசருக்கு விஷயமே தெரியாது, தெரிந்துகொள்ளும் தூரத்தில் அவர் இல்லை. கதைமாந்தர் பேச்சில் அதை வைப்பது மொழிபெயர்ப்பாளரின் உரிமை, அடிக்குறிப்பில் இரண்டையும் ஒன்று என்று எழுதுவது தவறு.

4. எந்த வகைத் தொடர் என்று பாருங்கள், அதன்படி அகராதியை எடுங்கள்

சீனர்கள் ‘செங்யூ’ என்று சொல்வது பெரும்பாலும் நான்கு எழுத்துத் தொடர், எழுத்து வழக்கின் மிடுக்கு உள்ளது. நம்முடையது ஐந்து எழுத்து, வாய்ப்பேச்சின் சாயல். இதை ‘சுயூ’, அதாவது மக்கள் வழக்கு என்ற கூட்டில் வைப்பார்கள். இந்த வேறுபாடு ஏட்டுச் சுரைக்காய் அல்ல, தேடலையே மாற்றிவிடும். நான்கெழுத்துத் தொடருக்குத் தைவான் கல்வி அமைச்சின் மரபுத்தொடர் அகராதி பொக்கிஷம். முதன்மைத் தொடர்களுக்கு மூல வரி, அதன் விளக்கம், பிற்கால எடுத்துக்காட்டுகள், எங்கே பயன்படுத்தலாம் என்பது வரை தனித்தனிப் பகுதியாகத் தருவார்கள். ஐந்தெழுத்து மக்கள் வழக்கை அதில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். நேரே திருத்திய பொது அகராதிக்கோ ஹான்யூ தா சிதியனுக்கோ போங்கள்.

அகராதிப் பதிவை வாசிக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன், புதியவர்கள் திணறும் இடம் இது. இரட்டைக் கோணக் குறிக்குள் இருப்பது நூற்பெயர். அதற்கு முன்னால் இரண்டு மூன்று எழுத்தில் ஆசிரியர் பெயர். அதற்கும் முன்னால் தனியாக நிற்கும் ஓர் எழுத்து அரசமரபு. அந்த ஓர் எழுத்தை வாசித்தால் பாதி வேலை முடிந்தது: தாங் என்றால் 618–907, சொங் 960–1279, யுவான் 1271–1368, மிங் 1368–1644, சிங் 1644–1912. நூற்பெயருக்குப் பிறகு ‘ஜுவான்’ என்ற எழுத்தும் எண்ணும் வந்தால் அது நூலின் எத்தனையாவது பிரிவு என்பது. இந்த எண் இருந்தால்தான் மூல நூலில் வரியைத் தேட முடியும், விட்டுவிடாதீர்கள்.

இதே இடத்தில் உடன்பிறந்த வடிவங்களையும் பிடித்துக்கொள்ளுங்கள். வானத்துக்குப் பதில் மலையை வைத்து ‘ஷான் காவ், ஹுவாங்தி யுவான்’ என்றும் சொல்வார்கள்: மலை உயரம், பேரரசர் தொலைவு. பொருள் அதேதான். எதில் தேடினாலும் இரண்டையும் போட்டுத் தேட வேண்டும்.

5. மேற்கோள் வரியை முழுசாக எடுங்கள்

நம் தொடருக்குக் காட்டப்படும் மேற்கோள் மிங் காலத்து ஹுவாங் பு எழுதிய ‘ஷியென்சொங் ஜின்கு லு’ என்னும் குறிப்பு நூலில் இருக்கிறது. யுவான் ஆட்சியின் இறுதியில், இன்றைய செஜியாங் மாகாணத்தில் உள்ள தைசோவ், வென்சோவ், சூசோவ் பகுதி மக்கள் தங்கள் கிராமங்களில் கொடி ஏற்றினார்கள் என்றும், அந்தக் கொடியில் நான்கு வரி இருந்தது என்றும் அவர் எழுதுகிறார். தமிழில் சொன்னால்:

வானம் உயரம், பேரரசர் தொலைவு;
மக்கள் சிலர், துரைமார் பலர்;
நாளுக்கு மூன்று தடவை அடி;
கிளர்ந்தெழாமல் வேறென்ன செய்ய?

பெரும்பாலான குறிப்புகள் முதல் வரியோடு நிறுத்திவிடும். நிறுத்தக் கூடாது, நான்கையும் எடுங்கள். முதல் வரியை மட்டும் பார்த்தால் ஏதோ தத்துவம் போலத் தெரிகிறது. நான்கையும் சேர்த்துப் பார்த்தால் அடி வாங்கியவர்களின் குரல். தலைநகர் தாது, அதாவது இன்றைய பெய்ஜிங், அங்கிருந்து சுமார் 1,300 கிலோமீட்டர் வடக்கே. ஊரில் கண்ணுக்குத் தெரிந்த அரசு என்பது அடிக்க வந்தவர்கள்தான். இன்றைய முறையீட்டுக் குரல் எங்கிருந்து வருகிறது என்று இந்த நான்கு வரியே காட்டிவிடும்.

இரண்டாம் வரியில் ஒரு சொல்லைக் கவனியுங்கள். ‘துரைமார்’ என்று நான் வைத்திருப்பது மூலத்தில் ‘ஷியாங்குங்’. அகராதியில் அதைத் தட்டினால் ‘கணவர்’ என்று முதலில் வரக்கூடும். பழைய நாடகங்களில் மனைவி கணவனை அப்படி அழைப்பாள். கொடியில் அது அதிகாரிகளைக் குறிக்கும் மரியாதைச் சொல். ‘மக்கள் குறைவு, கணவர்கள் அதிகம்’ என்று எழுதிவிட்டால் அப்புறம் அடிக்குறிப்பைக் காப்பாற்ற முடியாது. பழைய வரியில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் அந்தக் காலத்துப் பொருளைப் பாருங்கள்.

ஒலியையும் ஒரு தடவை சோதியுங்கள், இது எனக்கு மிகவும் பிடித்த சோதனை. இரண்டாம் வரி ‘துவோ’ என்று முடிகிறது, நான்காம் வரி ‘ஹ’ என்று முடிகிறது. இன்றைய பெய்ஜிங் உச்சரிப்பில் இயைபே இல்லை. ஆனால் பழைய இயைபு நூல்களில் இந்த இரண்டு எழுத்தும் ஒரே இயைபு வகுப்பைச் சேர்ந்தவை. கான்டனீசில் இன்றும் கேட்கலாம்: ஒன்று ‘தோ’, மற்றது ‘ஹோ’. ஆக இது நான்கு வரி இயைபுப் பாட்டு, வாய்விட்டுச் சொல்வதற்காகக் கட்டப்பட்டது. தொடர் ஏன் வாயில் ஒட்டிக்கொண்டது என்பதும் அதில் புரிகிறது.

6. காலத்தை வைத்துக் கதைகளை வடிகட்டுங்கள்

வேகமாக முடிக்கக்கூடிய படி, ஆனால் அதிகப் பொய்களைப் பிடிப்பது இதுதான்.

தொடரில் உள்ள ஒவ்வொரு சொல்லும் எப்போது புழக்கத்துக்கு வந்தது என்று கேளுங்கள். ‘ஹுவாங்தி’ என்ற பட்டத்தை முதன்முதலில் சூட்டிக்கொண்டவர் சின் பேரரசர், கி.மு. 221இல். கன்ஃபூசியஸ் இறந்தது கி.மு. 479. எனவே ‘பேரரசர் தொலைவு’ என்று கன்ஃபூசியஸ் சொன்னதாக எங்கே பார்த்தாலும் அந்தப் பக்கத்தை மூடிவிடலாம், மேலே எதையும் சரிபார்க்க வேண்டியதில்லை. கன்ஃபூசியஸ் பெயரில் உலவும் வாசகங்களில் பாதியை இந்த ஒரு கேள்வியே தள்ளிவிடும்.

அடுத்து, நிகழ்ச்சியின் காலத்தையும் அதை எழுதியவரின் காலத்தையும் தனித்தனியாகக் குறியுங்கள். கொடி யுவான் இறுதி. எழுதியவர் மிங் காலத்தவர். நடுவில் ஓர் ஆட்சியே மாறியிருக்கிறது. அதனால் ‘கொடியில் இருந்தது’ என்று அடித்துச் சொல்லாமல் ‘இருந்ததாக ஹுவாங் பு பதிவுசெய்கிறார்’ என்று எழுதுங்கள். இது மழுப்பல் அல்ல, நம் கையில் உள்ள ஆதாரம் அவ்வளவுதான்.

அதே கடற்கரைப் பகுதியில் 1348இல் ஃபாங் குவோஜென் என்பவர் கிளர்ச்சியைத் தொடங்கினார். அது வரலாறு. இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டு ‘ஃபாங் குவோஜென் கொடியில் எழுதிய வாசகம்’ என்று எங்காவது கண்டால் நிதானியுங்கள். மேற்கோள் வரியில் இருப்பது ஊர்மக்கள்தான், தலைவர் பெயர் அல்ல.

7. மூல நூலில் உங்கள் கண்ணால் பாருங்கள்

அகராதி மேற்கோள்களில் சில சமயம் எழுத்து விடுபட்டிருக்கும், பிரிவு எண் மாறியிருக்கும். ஆகவே சீன நூல் திட்டத்திலோ விக்கிமூலத்திலோ நூலைத் திறந்து வரியைப் பாருங்கள்.

தேடும்போது பிரபலமான முதல் வரியைப் போடாதீர்கள். ஆயிரக்கணக்கில் பிற்கால நாவல்களும் செய்திகளும் வந்து மொய்க்கும். அதிகம் யாரும் சொல்லாத இரண்டாம் வரியின் ஐந்து எழுத்தைப் போடுங்கள், நேரே வேண்டிய இடத்துக்குப் போய்விடுவீர்கள். எந்த மேற்கோளுக்கும் இந்த உத்தி பலிக்கும்.

நூற்பெயரின் கடைசியில் ‘ஜாய்சாவ்’ என்று இரண்டு எழுத்து இருந்தால் அது முழு நூல் அல்ல, பொறுக்கி எடுத்த பகுதி. ஹுவாங் புவின் நூல் அப்படித்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. அதையும் குறிப்பில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பழைய பதிப்பின் படப் பக்கத்தைத் திறந்தால் நிறுத்தக்குறி ஒன்றும் இருக்காது, மேலிருந்து கீழாக, வலமிருந்து இடமாக ஓடும். ஐந்தைந்து எழுத்தாக எண்ணிப் பிரித்தால் நான்கு வரியும் வந்துவிடும்.

பார்த்ததும் ஒரு சீட்டு எழுதுங்கள்: ஆசிரியர், காலம், நூல், பிரிவு, வரி, எந்தத் தளம், எந்தத் தேதியில் பார்த்தீர்கள். இந்தச் சீட்டுதான் உங்கள் ஆவணம். பதிப்பாசிரியர் ஆறு மாதம் கழித்து ‘இது எங்கிருந்து?’ என்று கேட்பார், நிச்சயம் கேட்பார்.

8. ‘முதல் பதிவு’ வேறு, பிறப்பு வேறு

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். தொலைவைப் பற்றிய சீனத் தொடர்கள் இரண்டைப் பக்கத்தில் வைத்தால் விளங்கும்.

‘பியென் சாங் மோ ஜி’, சாட்டை நீளம்தான் ஆனாலும் எட்டாது. இன்று ‘என் அதிகாரம் அங்கே செல்லாது’ என்ற பொருளில் சொல்கிறார்கள். மூலம் ‘ஸுவோ ஜுவான்’ என்னும் பண்டைய வரலாற்று நூலில், கி.மு. 594ஆம் ஆண்டின் கீழ். சூ நாட்டுப் படை சொங் நாட்டை முற்றுகையிட்டிருக்கிறது. சொங் நாட்டார் ஜின் நாட்டிடம் உதவி கேட்கிறார்கள். போ சொங் என்ற அமைச்சர் போக வேண்டாம் என்கிறார்: ‘சாட்டை நீளமானாலும் குதிரையின் வயிற்றை எட்டாது’. ஆனால் அந்த வரிக்கு முன்னால் அவர் ‘முன்னோர் சொன்ன ஒரு வாக்கு உண்டு’ என்றும் சொல்கிறார். நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய பதிவே, இது எனக்கும் முந்தியது என்கிறது! அப்புறம் ‘இதைப் போ சொங் உருவாக்கினார்’ என்று நாம் எப்படி எழுத முடியும்?

‘தியென்யா ஹாய்ஜியாவ்’, வானத்தின் விளிம்பு, கடலின் மூலை. உலகின் கோடி என்ற பொருள். இதில் விழாதவர் குறைவு. ஹைனான் தீவில் சான்யா நகருக்கு மேற்கே கடற்கரையில் இதே பெயரில் சுற்றுலாத் தலம் இருக்கிறது, பாறைகளில் ‘தியென்யா’ என்றும் ‘ஹாய்ஜியாவ்’ என்றும் செதுக்கியிருக்கிறார்கள். ‘இந்தப் பாறைகளிலிருந்து தொடர் பிறந்தது’ என்று எழுதிவிடச் சுலபம். ஆனால் முதல் செதுக்கு 18ஆம் நூற்றாண்டு, சிங் ஆட்சியில் யொங்செங் பேரரசர் காலம். இரண்டாவது 1938. தொடரோ எவ்வளவோ பழையது. 6ஆம் நூற்றாண்டில் ஷு லிங் எழுதிய கடிதத்தில் வானத்தின் விளிம்பும் நிலத்தின் மூலையும் சேர்ந்து வருகின்றன. தாங் காலத்து ஹான் யூ, இறந்துபோன தன் அண்ணன் மகனுக்கு எழுதிய இரங்கலில் ‘ஒருவர் வானத்தின் விளிம்பில், ஒருவர் நிலத்தின் மூலையில்’ என்கிறார். 1178இல் சோவ் சுஃபெய் தன் ‘லிங்வாய் தாய்தா’ நூலில், சின்சோவில் தியென்யா மண்டபமும் லியென்சோவில் ஹாய்ஜியாவ் மண்டபமும் இருப்பதைக் குறிக்கிறார். இரண்டும் இன்றைய குவாங்ஷி கடலோரம், ஹைனான் அல்ல. 13ஆம் நூற்றாண்டில் ஜாங் ஷினான், தொலைவில் வேலைக்கும் வியாபாரத்துக்கும் போகிறவர்கள் எல்லோரும் ‘தியென்யா ஹாய்ஜியாவ்’ என்கிறார்கள், இது மக்கள் பேச்சு என்று எழுதிவைக்கிறார். பெயர்தான் ஊரைத் தேடிப் போயிருக்கிறது.

இந்த இரண்டுக்கும் நம் கொடிக்கும் பொதுவான ஒன்று இருக்கிறது. முதலில் வாய்ப்பேச்சு, பிறகு ஒருவர் அதை எழுதுகிறார். எழுதியவர் பெயர் நமக்குக் கிடைக்கிறது, சொன்னவர் பெயர் கிடைப்பதில்லை. ஆகவே ‘தோன்றியது’ என்ற வினையைத் தவிர்த்து ‘நமக்குக் கிடைக்கும் பழைய பதிவு’ என்று எழுதுங்கள். கிராமத்து மக்கள் கொடியில் எழுதும் அளவுக்கு அந்த வாசகம் அதற்கு முன்பே வாய்களில் இருந்திருக்கலாம். கொடிக்காகவே கட்டப்பட்டும் இருக்கலாம். பதிவு இரண்டுக்கும் இடம் தருகிறது.

9. ஒருவரிடம் காட்டுங்கள்

சீனம் சொல்லித்தரும் ஆசிரியரோ, படித்த சீன நண்பரோ. ‘இந்தத் தொடர் எங்கிருந்து வந்தது?’ என்று கேட்காதீர்கள். சிறுவயதில் பள்ளியில் கேட்ட கதையைச் சொல்வார்கள், அது நீங்கள் ஏற்கெனவே வடிகட்டியதாக இருக்கும். ‘லாவ்ஷி (ஆசிரியரே), இதை நீங்கள் கடைசியாக யாரிடம், எதற்காகச் சொன்னீர்கள்?’ என்று கேளுங்கள். மூன்றாம் படியில் நீங்கள் பிரித்த இரண்டு குரல்களும் சரியா என்று அந்தப் பதிலில் தெரியும். பழைய வரியை மட்டும் தனியே காட்டிச் சொல்லுக்குச் சொல் பொருள் கேளுங்கள். பொதுவாக அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது. கட்டணம் வாங்கும் ஆசிரியர் என்றால் இந்த அரை மணிக்குக் கொடுக்கத் தயங்காதீர்கள், மொத்த வேலையிலும் காசு கொடுக்கத் தகுந்த இடம் இது ஒன்றுதான்.

10. அடிக்குறிப்பை எழுதுங்கள்

எல்லாம் கையில் இருக்கும்போது நீளமாக எழுதத் தோன்றும். வாசகர் கதையின் நடுவில் இருக்கிறார், இரண்டு மூன்று வாக்கியத்துக்கு மேல் போக வேண்டாம். முதலில் ஒலிபெயர்ப்பு, பிறகு நேர்ப்பொருள், பிறகு இன்றைய பொருள், கடைசியில் பதிவு. நான் எழுதிக் கொடுத்தது இது, வேண்டுமானால் அச்சாக எடுத்துக்கொள்ளுங்கள்:

‘தியென் காவ், ஹுவாங்தி யுவான்: “வானம் உயரம், பேரரசர் தொலைவு”. மேலிடத்தின் கண்காணிப்பு எட்டாத இடத்தில் உள்ளூர் அதிகாரம் தன் போக்கில் நடப்பதைச் சொல்லும் சீன மக்கள் வழக்கு; கேட்பாரற்ற சுதந்திரத்தையும் குறிக்கும். யுவான் ஆட்சியின் இறுதியில் செஜியாங் பகுதிக் கிராமங்களில் ஏற்றப்பட்ட கிளர்ச்சிக் கொடியில் இவ்வாசகம் இருந்ததாக மிங் காலத்து ஹுவாங் பு பதிவுசெய்கிறார்.’

மூலத்தில் உங்கள் கதைமாந்தர் சிரித்துக்கொண்டே சொல்கிறார் என்றால் இரண்டாம் வாக்கியத்தின் இரண்டு பகுதிகளையும் இடம் மாற்றிவிடுங்கள். மலை வடிவம் வந்திருந்தால் ஒலிபெயர்ப்பிலும் நேர்ப்பொருளிலும் மலையை வையுங்கள், ஹுவாங் பு வாக்கியத்தை மட்டும் ‘இதன் இணை வடிவம்’ என்று தொடங்குங்கள். ஏனென்றால் கொடியில் இருப்பது வானம், மலை அல்ல.